சிறுத்தைக்குப் புள்ளி வைத்தவள்

எக்ஸ்ரேக்காவின் கையில் கேமரா வந்து சேர்ந்தபோது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை அவள் எடுத்த படமெல்லாம் எலும்புதான். பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறையில், "மூச்ச இழுங்க, பிடிச்சுக்குங்க, விடுங்க" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது அவள் வேலை. நோயாளி அசைந்து படம் கலங்கிவிட்டால் தயவுதாட்சண்யம் பார்க்கமாட்டாள், மறுபடி படுக்கச் சொல்லிவிடுவாள். டாக்டர் வாசலில் நின்று அவசரப்படுத்தினாலும் கலங்கிய படம் அந்த அறையைத் தாண்டாது. வேலையில் அவ்வளவு கறார், பேச்சில் அதற்கு நேர்மாறு. உடைந்த கையோடு வருகிறவர்களிடம் குடும்பக் கதை கேட்டபடியே கையைத் திருப்பி வைத்துவிடுவாள், அவர்கள் கத்த மறந்துபோவார்கள்.

கேமராவை வாங்கி வந்தது கணவர். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருவர் வெளிநாடு கிளம்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய கேமரா, கூடவே ஒரு நீள லென்ஸ். மகள் வேலை கிடைத்து வேறு ஊர் போயிருந்த புதிது. சாப்பிட்டு முடித்த கையோடு மனைவி மகளின் அறை வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு வருவதை அவர் கவனித்திருந்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், கேமராவை மேசையில் வைத்து, "எலும்பாவே எடுத்து உனக்குச் சலிச்சுப் போயிருக்கும். சதையோட ஏதாவது எடு" என்றார்.

அவர்கள் வீடு குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்தது. மொட்டைமாடியில் நின்றால் பின்னால் புதர்க்காடு, அதைத் தாண்டி கல்குவாரி, அதற்கும் மேலே பாறைமலை. விடுமுறைக் காலைகளில் அவள் கேமராவோடு மேலே போய்விடுவாள். எதைத் தொட்டாலும் உடும்புப்பிடி அவளுக்கு. சில மாதங்களில் எந்தப் பறவை எந்தக் கம்பியில் எப்போது உட்காரும் என்பதெல்லாம் அத்துப்படி.

ஒரே குறை, லென்ஸ் எட்டவில்லை. மலை தூரம், பறவை சின்னது. எடுத்த படத்தில் எல்லாம் வானம்தான் இருந்தது, பறவை ஓர் ஓரத்தில் கடுகுபோல ஒட்டியிருந்தது. அந்தக் கடுகை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. கழுகு எது, காகம் எது என்று கணவரால் சொல்ல முடியவில்லை. அவருக்கு அது கேலிக்குத் தோதாகப் போயிற்று.

விடுமுறைக்கு வந்த மகள்தான் வழி சொன்னாள். தன் பழைய மடிக்கணினியில் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். கலங்கின படத்தக் குடுத்தா தெளிவாக்கிக் குடுக்கும்மா, என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். முதலில் ஒரு கழுகைக் கொடுத்துப் பார்த்தார்கள். திரையில் ஒரு கோடு ஊர்ந்து முடிந்ததும், கலங்கிய மொத்தைக்குள்ளிருந்து இறகுகள் ஒவ்வொன்றாகச் சீவிவைத்தாற்போல எழுந்து வந்தன. கண்ணில் ஒளிப்பொட்டுகூட இருந்தது. எக்ஸ்ரேக்கா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். கணவர், "என் லைசென்ஸ் போட்டோவப் போடு, முடி வருதான்னு பாப்போம்" என்றார். போட்டார்கள். நெற்றிக்கு மேலே, வழுக்கை தொடங்கும் இடத்தில், உண்மையாகவே கொஞ்சம் முடி வந்தது. மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்ததோடு சரி, அந்த முடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு அவள் படங்களுக்கு மவுசு கூடியது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறுதோறும் அவள் படத்துக்காகக் காத்திருந்தார்கள். மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அவளது மீன்கொத்தியைப் பெரிதாக அச்சிட்டு, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் மாட்டினார். அந்த வழியாகப் போகத் தேவையே இல்லாதபோதும் எக்ஸ்ரேக்கா அந்த வழியாகப் போனாள்.

அவளுடைய ரசிகர்களில் முதல் ஆள் ட்ராலியம்மா. வார்டுகளிலிருந்து நோயாளிகளை ட்ராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறவள், எக்ஸ்ரேக்காவைவிடச் சில வயது இளையவள். அவள் கணவன் கல்குவாரியில் இரவுக் காவல். குவாரியின் செங்குத்துச் சுவரில் ஆந்தை கூடு வைத்திருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்று அவன்தான் மனைவியிடம் சொல்லியனுப்பினான். எக்ஸ்ரேக்கா போனபோது, கை காட்டினால் ஆந்தை பறந்துவிடும் என்று மோவாயாலேயே திசை காட்டினான். மெலிந்த மனிதன், அதிராமல் பேசுகிறவன். மேலே சிறுத்தை உண்டாமே என்று அவள் கேட்டதற்கு, "பூனைதாங்க்கா. கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். அது வேலைய அது பாக்குது, என் வேலைய நான் பாக்கறேன்" என்றான்.

அவன் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில்.

அன்று எக்ஸ்ரேக்கா வழக்கம்போல மாடியில் இருந்தாள். மூடுபனி இன்னும் முழுக்க விலகவில்லை. குவாரிக்கு மேலேயுள்ள தட்டைப் பாறையில் பழுப்பாக ஏதோ அசைந்தது. கேமராவைத் தூக்கி, அவசரமாக நாலைந்து முறை அழுத்தினாள். அதற்குள் பாறை காலியாகிவிட்டது. வெட்டி எடுத்துப் பார்த்தபோது இருந்தது ஒரு பழுப்புத் திட்டு, அதன் ஒரு முனையில் வால்போல ஒரு கோடு. அவள் அதை மென்பொருளிடம் கொடுத்தாள். கோடு ஊர்ந்து முடிந்தது. பாறைமேல் சிறுத்தை வந்து உட்கார்ந்தது. காது, மீசைமயிர், உடலெங்கும் பூப்பூவாகப் புள்ளிகள். அவள் அதைக் குழுவில் போட்டாள். பாராட்டு மழையாகக் கொட்டியது. அந்த மழை ஓய்வதற்குள் அதே குழுவில் இன்னொரு செய்தி வந்தது. குவாரிக் காவல்காரன் கொட்டகைக்குப் பக்கத்தில் கழுத்து கடிபட்டுக் கிடக்கிறான்.

அவள் கேமராவை அழுத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அந்தப் பாறைக்குக் கீழேதான் கிடந்திருக்கிறான்.

மாலையில் வனத்துறை ரேஞ்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். காலையிலிருந்து ஓய்ந்து உட்காராத மனிதர், சட்டையெல்லாம் புழுதி. படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அது நீங்களே எடுத்ததுதானே மேடம் என்று கேட்டார்.

"நான் எடுத்ததுதான் சார். கொஞ்சம் தெளிவு பண்ணியிருக்கேன், அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். இந்தக் காலத்தில் யார்தான் செய்யவில்லை. அசல் படத்தை அவர் கேட்கவில்லை, அவளுக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கொடுத்திருப்பாளோ என்னவோ. அந்த மொத்தையை இன்னொருவர் கண்ணில் காட்ட அவளுக்குக் கூச்சமாகவே இருந்திருக்கும்.

சிறுத்தைக்குப் புள்ளி என்பது மனிதனுக்குக் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது என்று ரேஞ்சர் போகிறபோக்கில் விளக்கினார். அந்த மலையில் இருக்கும் சிறுத்தைகள் எல்லாம் துறையின் தானியங்கிக் கேமராக்களில் ஏற்கெனவே பதிவானவை. அவள் படத்தில் இருந்ததற்குத் தோளில் ஓர் உடைந்த வளையம் இருந்தது. பதிவுகளில் ஒரு பெண்சிறுத்தைக்கும் தோளில் உடைந்த வளையம் இருந்தது. ஊரோ கொதித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தேடுகிற கண்ணுக்குத் தேடியது கிடைத்துவிட்டது. அந்தப் பெண்சிறுத்தை நடமாடும் தடத்தில் கூண்டு வைத்தார்கள், அந்த வாரமே அது மாட்டிக்கொண்டது.

ஊர் மூச்சு விட்டது. எக்ஸ்ரேக்காவைத் தெருவில் நிறுத்திக் கைகுலுக்கினார்கள். அவளுக்கு அதெல்லாம் உடம்பில் ஊர்வதுபோல இருந்தது. ட்ராலியம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவள் கவலை. ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே ட்ராலியம்மா எக்ஸ்ரே அறைக்கு வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கூண்டை வண்டியில் ஏற்றும் முன் தானும் போய்ப் பார்த்ததாகச் சொன்னாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாளாம். பக்கத்தில் நின்ற காவலர்களே தலையைக் குனிந்துகொண்டார்களாம். "உங்க படத்தாலதான்க்கா மாட்டிச்சு. அன்னிலேருந்துதான் கண்ண மூடறேன்" என்றாள்.

மாதம் ஒன்று ஓடிப்போனது. குவாரிச் சாலையில் விழிப்புணர்வுப் பலகை வைக்கப்போகிறோம், படம் இன்னும் பெரிய அளவில் வேண்டும் என்று ரேஞ்சர் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். எக்ஸ்ரேக்கா மடிக்கணினியைத் திறந்து, அசலை எடுத்து, இன்னும் பெரிதாக்கச் சொல்லி மென்பொருளிடம் கொடுத்தாள். இடையில் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. கோடு முன்னைவிட வேகமாக ஊர்ந்தது. வந்த படம் முன்னதைவிடக் கூர்மை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, தோளில் வளையம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் சின்னப் புள்ளிகள் மூன்று வரிசையாக நின்றன.

பழைய படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காதின் வடிவம் வேறு. விலாவில் ஒரு புள்ளிகூட ஒத்துப்போகவில்லை. அமைப்பை மாற்றி இன்னொரு முறை ஓட்டினாள், மூன்றாவதாக ஒரு சிறுத்தை வந்தது. கடைசியில் அசலையே திரை முழுக்க விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழுப்புத் திட்டு. அதில் அங்கங்கே கொஞ்சம் கருமை. புள்ளி என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. 

மகளை அழைத்தாள். மகள் பொறுமையாகச் சொன்னாள். அது மறைந்திருப்பதை வெளியே எடுக்கவில்லை. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. சிறுத்தை மாதிரி ஒன்றைக் கண்டால், சிறுத்தைக்கு இங்கே இப்படி இருக்கலாம் என்று அதுவாக வரைந்துவிடும்.

"இத அன்னிக்கே சொல்லக்கூடாதா நீ?"

"பறவைக்குத்தானேம்மா கேட்ட" என்றாள் மகள். அவள் குரலும் இறங்கிவிட்டது.

கணவரிடம் சொன்னாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்றார் அவர். சிறுத்தை மாட்டிய பிறகு இத்தனை நாளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாட்டியது ஒருவேளை அதுவேயாகவும் இருக்கலாம். அவர் சொன்னதில் எதுவும் அவளை அசைக்கவில்லை, கடைசியாகச் சொன்னதைத் தவிர. "அந்தப் பொண்ணு இப்பதான் தூங்க ஆரம்பிச்சிருக்கு. அதையும் கெடுக்கணுமா?"

அந்த ஒரு கேள்விக்காகவே சில நாட்கள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.  வேலையில் இருந்தபோது, ஒரு முதியவரின் இடுப்புப் படத்தில் நிழல்போல ஒன்று தெரிந்தது. அது விரிசலா, அவர் அசைந்ததா என்று அவளால் முடிவுசெய்ய முடியவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை எடுத்தாள். முதியவரே, என்னம்மா இன்னிக்கு ஒனக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டார்.

கடைசியில் ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போனாள். மூன்று படங்களையும் அசலையும் அவர் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் பார்க்கவேண்டிய காடு பெரிது, கையில் இருந்த ஆட்கள் கொஞ்சம். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஊர் இப்போதுதான் அடங்கியிருக்கிறது, இதை வெளியே விட்டால் ஜனங்கள் கண்ணில் படும் சிறுத்தையை எல்லாம் கல்லால் அடித்தே கொல்வார்கள் என்றார். அதுவும் பொய்யில்லை.

"அப்ப நெஜமாவே கொன்னது எங்க சார்?"

"மேல ஏறிப் போயிருக்கும் மேடம்" என்றார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் குவாரி வாசல் வந்தது. கம்பிக்கதவு திறந்தே கிடந்தது. கொட்டகைக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, புதருக்கு முதுகைக் காட்டி, புதிய காவல்காரர் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவளை அடையாளம் கண்டு எழுந்தார். சிறுத்தையை மாட்டிவிட்ட அம்மாதானே என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். உள்ளே உட்காருங்கள், கதவைச் சாத்துங்கள் என்று அவள் சொன்னதற்கு, "அதான் புடிச்சாச்சேம்மா" என்றார். அவள் கம்பிக்கதவைத் தானே இழுத்துச் சாத்திவிட்டு நடந்தாள்.

மறுநாள் ட்ராலியம்மா ஒரு நோயாளியை விட்டுவிட்டுக் கிளம்பும்போது எக்ஸ்ரேக்கா அவளை நிற்கச் சொன்னாள். நோயாளியை அனுப்பியபின் அறைக்கு வெளியே சிவப்பு விளக்கைப் போட்டாள். அது எரிந்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். ஈயக் கவசங்கள் தொங்கும் சுவரோரம் இருவரும் நின்றார்கள். எக்ஸ்ரேக்கா சுற்றி வளைக்கவில்லை. தான் செய்தது என்ன, மென்பொருள் செய்தது என்ன, மாட்டியதுதான் கொன்றதா என்று தெரியாது என்பதையெல்லாம் சொல்லி, போனில் மூன்று படங்களையும் காட்டினாள்.

ட்ராலியம்மா அழவில்லை. படங்களைத் தள்ளித் தள்ளி, திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு கூண்டு முன்னாடி நின்னு நான் யாரத் திட்டினேன்?"

எக்ஸ்ரேக்கா போனை வாங்கக் கை நீட்டினாள், ட்ராலியம்மா கொடுக்கவில்லை.

"நான் கேட்டேனாக்கா உங்கள? படம் எடுங்கன்னு நான் கேட்டேனா? மாட்டிருச்சுன்னு நெனச்சு நான்பாட்டுக்குக் கெடந்தேன். இப்ப வந்து சொல்றீங்க." போனை மேசையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள். ட்ராலி அறைக்கு வெளியிலேயே கிடந்தது. அதன்பிறகு வேறு ஆட்கள்தான் நோயாளிகளைக் கொண்டுவந்தார்கள். நடைபாதையில் எதிர்ப்பட்டால் ட்ராலியம்மா சுவரைப் பார்த்தபடி கடந்து போனாள். எக்ஸ்ரேக்கா குழுவிலும் உண்மையை எழுதிப் போட்டாள். பாராட்டிய வாய்களே ஏசின. பேர் வாங்கத்தான் பொய்ப்படம் போட்டாள் என்றார்கள். இப்போது மறுபடி பேர் வாங்கப் பார்க்கிறாள் என்றார்கள். டிரைவிங் ஸ்கூலுக்கு வந்துகொண்டிருந்த குடியிருப்புக்காரர்கள் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள்.  கணவர் ஒரு காலையில் குவாரிப் பக்கமாக ஒரு சுற்றுப் போய், அந்தக் காவல்காரரிடம் தானே எல்லாவற்றையும் சொல்லி, கொட்டகைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு சாயங்காலம் ட்ராலியம்மா வீட்டுக்கு வந்தாள். அதுவரை வந்ததே இல்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"வெட்டாத படம் இருக்குல்ல, முழுசா? அதக் காட்டுங்க."

எக்ஸ்ரேக்கா மடிக்கணினியைத் திறந்தாள். பாறையைத் தவிர மற்றதையெல்லாம் வெட்டி எறிந்திருந்ததால் முழுப்படத்தை அவளுமே சரியாகப் பார்த்ததில்லை. பனி, மலை, குவாரிச் சுவர். வலது கீழ் மூலையில் கொட்டகையின் தகரக் கூரை. கூரை விளிம்பில் மஞ்சளாக ஒரு பொட்டு. ட்ராலியம்மா அதில் விரலை வைத்தாள்.

"லைட்டு எரியுது" என்றாள். "விடிஞ்சா மொதல் வேலையா லைட்டத்தான் அணைப்பாரு. கரண்ட வேஸ்ட் பண்ணாதேன்னு வீட்ல என்னத் திட்டுவாரு."

விரல் கொஞ்சம் நகர்ந்தது. கூரைக்கு இந்தப் பக்கம், தரையில், கருப்பாகவும் வெளிறியும் ஏதோ கிடந்தது. சாக்காக இருக்கலாம். கல்லாக இருக்கலாம்.

"இது அவராக்கா?"

எக்ஸ்ரேக்கா குனிந்து பார்த்தாள். கண் எரிகிறவரை பார்த்தாள். "தெரியலம்மா. இதுல அவ்வளவுதான் இருக்கு. எனக்குத் தெரியல."

"பெருசு பண்ணாதீங்க."

"பண்ணல."

ட்ராலியம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். எக்ஸ்ரேக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கணவர் உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது ட்ராலியம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். குவாரியில் புதிதாகச் சேர்ந்த ஆளுக்கும் வீடு வாசல் இருக்கும் என்றாள். "நாளைக்கு ஆபீசுக்குப் போலாம். நீங்க சொன்னா கதவச் சாத்துவாங்க. நான் சொன்னா சாத்த முடியாது. செத்தது என் வீட்டு ஆளு."

அப்படியேதான் நடந்தது. ட்ராலியம்மா அலுவலக முற்றத்தில் நின்றபடியே எல்லார் காதிலும் விழும்படி பேசினாள். ரேஞ்சரால் மறுக்க முடியவில்லை. அவர் கூப்பிட்டனுப்பிய வனத்துறைக் கால்நடை மருத்துவர் அசல் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் பழைய குறிப்புகளை எடுத்துப் புரட்டினார். காவல்காரனின் கழுத்தில் இருந்த பல்தடத்தின் அகலம் அந்தப் பெண்சிறுத்தையின் வாய்க்குப் பெரிதாக இருக்கிறதே என்று அவருக்கு அது மாட்டியபோதே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. படத்தில் புள்ளியே ஒத்துப்போகிறது என்றதும் சந்தேகத்தை விழுங்கிவிட்டார். மறுநாள் அளவுகோலோடு ஆட்களை அந்தத் தட்டைப் பாறைக்கு ஏற்றி, பாறையில் நீளவாக்கில் ஓடிய வெடிப்பை அளக்கச் சொன்னார். கலங்கிய படத்திலும் வெடிப்பு தெரிந்தது, பழுப்புத் திட்டு வெடிப்பைத் தாண்டி நீண்டிருந்தது. அவ்வளவு நீளம் பெண்சிறுத்தைக்கு வராது. அது வளர்ந்த ஆண்.

குவாரியின் தண்ணீர்க் குழிகளைச் சுற்றித் தானியங்கிக் கேமராக்களை மறுபடி கட்டினார்கள். அது மேலே ஏறிப் போயிருக்கவே இல்லை. சில நாளிலேயே ஒரு காலையில் கொட்டகைக் கதவுக்கு வெளியே, ஈர மண்ணில், உள்ளங்கை அகலத்துக்குத் தடங்கள் கிடந்தன. புதிய காவல்காரர் அன்றே வேலையை விட்டுவிட்டார். போகும்முன் எக்ஸ்ரேக்காவின் வீட்டைத் தேடி வந்து, வாசலில் நின்று, கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆண்சிறுத்தை கூண்டில் விழ இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நாளும் குடியிருப்பில் பிள்ளைகள் வெளியே விளையாடவில்லை. அதற்கும் எக்ஸ்ரேக்காவைத்தான் ஏசினார்கள். பிடிபட்டதும் மருத்துவர் அதன் பல்லை அளந்து பார்த்தார். ஒத்துப்போயிற்று. மருத்துவமனையில் ரேஞ்சரே ட்ராலியம்மாவைத் தேடி வந்து சொன்னார். அவள் சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். இந்தமுறை பார்க்கப் போகவில்லை.

பெண்சிறுத்தையைத் திரும்ப மலையில் விட முடியவில்லை. பிடிபட்ட முதல் நாட்களில் அது கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பற்கள் இரண்டை உடைத்துக்கொண்டிருந்தது. பல் போன சிறுத்தைக்கு ஓடும் இரை எட்டாது, கட்டிப்போட்ட ஆட்டுக்கும் தனியே போகும் மனிதருக்கும்தான் வரும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மறுவாழ்வு மையத்தில் அதற்கு ஒரு வேலியிட்ட இடம் ஒதுக்கினார்கள். ஆயுசு உள்ளவரை அங்கேதான்.

எக்ஸ்ரேக்கா இப்போதும் அதே அறையில்தான் வேலை பார்க்கிறாள். ட்ராலியம்மா மறுபடியும் நோயாளிகளைக் கொண்டுவருகிறாள். பேசிக்கொள்கிறார்கள், ஆனால் பழைய கேலிப்பேச்சு திரும்பவில்லை. வேலை முடிந்ததும் சில நாட்கள் பஸ் நிறுத்தம்வரை ஒன்றாக நடப்பார்கள். ஒருநாள் அப்படி நடக்கும்போது, உங்கமேல கோவம் போகலக்கா, ஆனா நீங்க சொல்லாம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னும் தெரியல என்றாள் ட்ராலியம்மா.  மாடிக்குப் போவதை எக்ஸ்ரேக்கா விடவில்லை. படங்களும் எடுக்கிறாள், எடுத்தபடியே வைத்துக்கொள்கிறாள்.

மறுவாழ்வு மையத்துக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவையாவது கணவர் காரில் அழைத்துப் போகிறார். முதல் தடவை போனபோது வேலிக்கு அப்பால் அது ஒரு மரத்தடியில் படுத்திருந்தது. கறியைச் சின்னச் சின்னதாக வெட்டித்தான் போடுகிறோம், ஆரம்பத்தில் தொடவே இல்லை, இப்போது தேவலாம் என்றார் பராமரிப்பாளர். பார்வையாளர்கள் போனைத் தூக்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அது தலையைத் தூக்கி இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, பல் இருக்கவேண்டிய இடத்தில் நாக்கு தெரிந்தது.

எக்ஸ்ரேக்கா கம்பிவேலியைப் பிடித்தபடி நின்றாள். கூட்டம் அடுத்த வேலிக்கு நகர்ந்துபோனது.

"போலாமா?" என்றார் கணவர்.

"நீங்க போய் கார எடுங்க. நான் கொஞ்ச நேரம் நின்னுட்டு வர்றேன்."

அவர் போகவில்லை. அவரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.